படம் சரியில்லை என்று புகார் வந்திருக்கிறது

டிவியில் படம் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வது ஒரு வேலை என்று சொன்னால் எங்கள் தெருவில் இன்னும் யாரும் நம்புவதில்லை. "நாங்களும்தான் தெனமும் பாக்குறோம், எங்களுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?" என்பார்கள். திண்டுக்கல்லில், டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் செய்யும் ஒரு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஒன்பது வருடமாக நான் செய்தது அந்த வேலைதான். புதுப் பெட்டி வாங்கியவர் "படம் சரியில்ல" என்று போன் செய்தால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டும். கோளாறு பெட்டியிலா, வயரிலா, கேபிளிலா, இல்லை பார்ப்பவர் கண்ணிலா என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். ஆயுதம் ஒரே ஒரு பென் டிரைவ். அதில் வெறும் கறுப்பு, வெறும் வெள்ளை, வெறும் சாம்பல் என்று மூன்று படம். இடமிருந்து வலமாக நகரும் ஒரு வெள்ளைக் கோடு. கீழே ஓடும் எழுத்து. கறுப்பைப் போட்டால் ஓரத்தில் எங்கே வெளிச்சம் ஒழுகுகிறது என்று தெரியும். சாம்பலைப் போட்டால் திட்டுத் திட்டாக அழுக்கு இருப்பது தெரியும். கோட்டையும் எழுத்தையும் ஓடவிட்டால் அசைவில் பெட்டி செய்யும் பித்தலாட்டம் அத்தனையும் தெரியும்.

யார் வீட்டு வாசலிலாவது செருப்பைக் கழற்றிவிட்டு, அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, நின்றுகொண்டே வேலை பார்த்தவர் யாராக இருந்தாலும் இது உங்களுக்காகத்தான். கேஸ் அடுப்பு பார்ப்பவர், ஏசி மெக்கானிக், மீட்டர் கணக்கெடுப்பவர், வாருங்கள், உட்காருங்கள். மற்றவர்களுக்கு இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும்.

இன்ஜினியர் வரலையா?

நாகல் நகரில் ஒரு ரிட்டயர்டு அதிகாரி வீடு. பெட்டி வந்து நான்கு நாள். என்ன கலர் வைத்தாலும் ஐந்து நிமிடத்தில் தானாக மாறிவிடுகிறது, மனிதர் முகமெல்லாம் ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆகிவிடுகிறது என்று புகார். கதவைத் திறந்தவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "இன்ஜினியர் வரலையா?" என்றார். நான்தான் என்றேன். அட்டையை வாங்கி ஆரோக்கிய செல்வி என்ற பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, மறுபடியும் படிக்கட்டில் எட்டிப் பார்த்தார்.

கோளாறு என்னவென்று போனிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டியைக் 'கடை' என்ற நிலையில் வைத்திருப்பார்கள். அதில் நாம் எதை மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் பழைய மினுக்கலுக்குத் திரும்பிவிடும். விற்கும்போது அதை 'வீடு' என்று மாற்றி அனுப்ப வேண்டும். ரிமோட்டில் ஆறு அமுக்கு. அந்த ஆறு அமுக்குக்குச் சோம்பல்பட்டு அனுப்பிவிடுவார்கள், திட்டு வாங்க நான் போவேன். மாற்றினேன். முகத்துக்கு முக நிறம் வரும் வரை உட்கார்ந்து திருத்தினேன். அரை மணி நேரமும் அவர் டிவியைப் பார்க்கவில்லை, என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ரவுண்டு ரோட்டைத் தாண்டுவதற்குள் ஆபீசிலிருந்து போன், வேறு ஆள் கேட்கிறாராம். மறுநாள் பாண்டியை அனுப்பினார்கள். பாண்டி சுவரில் டிவி மாட்டுகிறவன். துளை போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, தெரியாது என்று அவனே சொல்லிக்கொள்வான். போனவன் ரிமோட்டைத் தொடக்கூட இல்லை. பெட்டிக்குப் பின்னால் துணியால் தூசி தட்டிவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டான். சாயங்காலம் அதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தத் தம்பி கைய வச்சப்பறம்தாம்மா படம் நிலையா நிக்குது, நீ இன்னும் கொஞ்சம் டிரெய்னிங் எடுத்துக்க."

காஞ்சு கிடக்கும் ஓரம்

கன்னிவாடியில் மலையடிவாரத்துத் தோட்ட வீடு. "ஆளெல்லாம் குண்டாத் தெரியுறாக, கபடி பாத்தா யாரு காலு, யாரு கையின்னு தெரியல" என்று புகார். போய்ப் பார்த்தால் அவ்வளவு பெரிய பெட்டிக்கு, பழைய டிவிக்குப் போடும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் கேபிள் பாக்ஸைச் சொருகி வைத்திருக்கிறார்கள். சரியான எச்டிஎம்ஐ வயர் அட்டைப் பெட்டிக்குள் ஒட்டுப் பிரிக்காத பிளாஸ்டிக் உறையில் பத்திரமாகத் தூங்குகிறது. விற்றவன் சொல்லவில்லை, கேபிள்காரன் சொல்லவில்லை. இரண்டு மாதம் அந்தக் குடும்பம் கலங்கல் தண்ணீரில் முகம் பார்ப்பது மாதிரி டிவி பார்த்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அந்த உறையைப் பல்லால் கிழித்தேன்.

வயரை மாற்றியதும் காலும் கையும் தனித்தனியாகப் பிரிந்தன. வீட்டுக்காரர் பாராட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய சேனல் படத்தை இழுத்துப் பரப்பி வைத்திருந்தார்கள், அதையும் அதன் அளவுக்குக் கொண்டுவந்தேன். ஆட்கள் ஒல்லியானார்கள், இரண்டு பக்கமும் கறுப்பாக இடம் விழுந்தது. பெரியவர் முகம் சுண்டிப்போனது. படத்தின் அளவே அவ்வளவுதான், இழுத்தால் மனிதர் தட்டையாகிவிடுவார் என்று விளக்கினேன், கையால் வரைந்து காட்டினேன், இரண்டு தரம் மாற்றிப் போட்டும் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முழுத் தோட்டத்துக்கும் தண்ணி பாயணும்ல தாயி, ரெண்டு ஓரமும் காஞ்சு கெடந்தா பாக்குறவுக என்ன நெனப்பாக?"

ஒட்டன்சத்திரத்து ராசா

சினிமாவில் ஒரு நொடிக்கு இருபத்து நான்கு படம். அந்த நடை நம் கண்ணுக்குப் பழகிப்போனது. இப்போது வருகிற பெட்டிகள் அது போதாது என்று, நடுவில் இல்லாத படத்தைத் தாங்களே கற்பனை செய்து செருகுகின்றன. அசைவு வழவழவென்று ஆகிவிடும். அரண்மனை, போர்க்களம் எல்லாம் பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம் மாதிரித் தெரியும். இதை நிறுத்தும் இடத்துக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்து, கிணற்றுக்குள் போட்ட குடம் மாதிரி மெனுவில் ஏழு அடுக்குக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறது. ஒளித்து வைத்தவன் கையில் கிடைத்தால் நான் என்ன செய்வேன் என்று சொல்ல மாட்டேன்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒருவர், பழைய ராஜா ராணிப் படம் ஒன்றுகூடப் பார்க்க முடியவில்லை என்று புலம்பிக் கூப்பிட்டார். போய் அதை நிறுத்திக் கொடுத்தேன். மறுநாள் போன் செய்தார்: "ஏனுங்க, நேத்து வரைக்கும் ராசா பக்கத்து ஊட்டுக்காரராட்டம் இருந்தாருங்க, இன்னைக்கு மறுக்காவும் ராசாவாயிட்டாருங்க, ஆனா எங்கூட்டுக்காரிக்கு அந்தப் பக்கத்து ஊட்டுக்காரரத்தான் புடிச்சிருக்குதுங்க."

படம் காட்டுவது

சனி, ஞாயிறுகளில் எங்களைக் கடைக்கும் அனுப்புவார்கள், வருகிறவர்களுக்குப் பெட்டியின் அருமையை விளக்க. கடையில் ஓடுவது எப்போதும் ஒரே படம்தான். பூ மெதுவாக விரியும், தேன் மெதுவாக வழியும், அருவி மெதுவாக விழும். எதுவுமே வேகமாக அசையாது. வேகமாக அசைந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நிலக்கோட்டையிலிருந்து ஒரு பூ வியாபாரியும் அவர் மனைவியும் வந்தார்கள். நாள் முழுக்கச் செய்திச் சேனல் பார்க்கிறவர்கள். "கீழ ஓடுற எழுத்து தெளிவா இருக்கணும், எனக்குக் கண்ணு ஆபரேசன் ஆகியிருக்கு" என்றார் அந்தம்மா. ஒரு பெட்டியில் அசைவுக்கு 240 என்று தங்க நிறத்தில் ஸ்டிக்கர். உள்ளே படம் காட்டுகிற திரைத் தகடு, அதாவது பேனல், நொடிக்கு அறுபது படம்தான் காட்டும், மீதி கணக்கு வாத்தியாருக்கே விளங்காது. பக்கத்தில் ஸ்டிக்கர் இல்லாத சின்னப் பெட்டி ஒன்று. நான் வாயைத் திறக்கவில்லை. பென் டிரைவைச் சொருகி இரண்டிலும் எழுத்தை ஓடவிட்டேன். ஸ்டிக்கர் பெட்டியில் 'க' இரண்டாகத் தெரிந்தது. சின்னப் பெட்டியில் 'க' ஒன்றாகவே இருந்தது. அந்தம்மா சின்னதைக் கைகாட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை எங்கள் கிளைப் பொறுப்பாளர் சண்முகம் சார் கூப்பிட்டார். சத்தம் போடாமல் திட்டுவதில் கெட்டிக்காரர். கடைக்காரர் புகார் கொடுத்திருக்கிறாராம். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை சார், எழுத்தைத்தான் ஓடவிட்டேன் என்றேன். மேசையில் இருந்த பேனாவை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா செல்வி, ஒன்னையப் படம் காட்டச் சொன்னா, உள்ள இருக்குறதையெல்லாமா காட்டுவ?"

ஆத்தூர் வீடு

இதுவரை சொன்னது எரிச்சல். சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். இனி வருவதை அப்படிச் சொல்ல முடியாது.

ஆத்தூரிலிருந்து வந்த புகாரில் "விரல் தெரியவில்லை" என்று மட்டும் இருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். போனால், ராசு என்பவர் வரவேற்றார். தென்னந்தோப்பு குத்தகைக்கு எடுத்திருப்பவர். டிவி அவர் தங்கை தங்கமணிக்காக வாங்கியது. தங்கமணிக்கு இருபத்தெட்டு வயது, பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அரசு வேலைக்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காது கேளாதவர்களுக்காகச் சைகை மொழியில் பாடம் எடுக்கும் வீடியோக்கள் இருக்கின்றன. திரை முழுக்கக் கரும்பலகை இருக்கும், வலது பக்கம் கீழ் மூலையில் டீச்சர் நின்று கையால் பாடம் சொல்வார். போனில் விரல் பொடியாகத் தெரிகிறது என்றுதான் பெரிய பெட்டி.

நான் ராசுவிடம், எப்போதிலிருந்து இப்படி, எந்தப் படத்தில் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தோளில் ஒரு தட்டு விழுந்தது. தங்கமணி போனில் வேகமாகத் தட்டி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "டிவி பாக்கறது நான். என்னைப் பாத்துக் கேளுங்க, உதடு பாத்துப் புரிஞ்சுக்குவேன்." நாகல் நகர்க்காரர் எனக்குச் செய்ததை நான் இவளுக்குச் செய்துகொண்டிருந்தேன். வெட்கத்தில் என் காது சுட்டது. அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

முதலில் அந்த வழவழப்பை நிறுத்தினேன். பெட்டி கற்பனையாகச் செருகிய படங்களில் டீச்சரின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன, அது போனதும் பாதி தெளிந்தது. தங்கமணி முகம் மலர்ந்தது. ஆனால் மூலையில் மட்டும் விரல் கலங்கலாகவே இருந்தது. வயரை மாற்றினேன், சொருகும் இடத்தை மாற்றினேன், அதே வீடியோவைப் பென் டிரைவிலிருந்து போட்டேன். மாற்றமில்லை. கடைசியில் வெள்ளைக் கோட்டை ஓடவிட்டேன். திரை முழுக்கச் சுத்தமாக வந்த கோட்டுக்கு, கீழ் வலது மூலைக்குப் போனதும் வால் முளைத்தது. ஒன்று, இரண்டு, மூன்று நிழல். அந்த இடத்தில் பேனல் சோம்பிவிட்டது. முன்னால் வந்த படம் அழிவதற்குள் அடுத்தது வந்து அதன் மேல் உட்காருகிறது. அது பேனலின் பழுது. ரிமோட்டில் என்ன அமுக்கினாலும் போகாது, பேனலை மாற்ற வேண்டும். பெட்டி வாங்கி ஐந்து மாதம்தான், வாரன்டி இருக்கிறது, மாற்றித் தருவார்கள் என்று உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன்.

தங்கமணி கணக்குப் பாடம் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். மூலையில் டீச்சர் கையை உயர்த்தினார். அது இரண்டா, மூன்றா என்று எனக்கும் தெரியவில்லை. போனில் தட்டிக் காட்டினாள்: "ரெண்டுக்கும் மூணுக்கும் ஒரு விரல்தான் அக்கா வித்தியாசம். அந்த ஒரு விரலக் காணோம்."

யாரும்மா பாக்குறா?

அன்றைக்கே 'பேனல் பழுது' என்று பதிவு செய்து, மூலையில் வால் முளைப்பதைப் போனில் படமெடுத்து இணைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் என் பதிவு மாறியிருக்கிறது. 'கோளாறு இல்லை, செட்டிங் சரிசெய்யப்பட்டது, வாடிக்கையாளருக்குத் திருப்தி.' என் பெயரிலேயே!

சண்முகம் சார் அறைக்குப் போனேன். கதவைத் தட்டினேனா என்று நினைவில்லை.

"ஒரு கிளையில பேனல் நெறையாப் போனா மேல இருந்து கேள்வி வரும்மா. ஒரு மூலைதான? மத்த எடமெல்லாம் சுத்தமா இருக்குல்ல?"

"அந்தப் பொண்ணு பாக்குறதே அந்த மூலையத்தான் சார்."

"ஜூம் பண்ணிப் பாக்கச் சொல்லு."

"ஜூம் பண்ணா அந்த மூலை திரையை விட்டு வெளிய போயிரும் சார்."

"அப்ப போன்ல பாக்கச் சொல்லு. செத்த நேரம் யோசிச்சுப் பாரு, நீ எங்க ஆளா, அவக ஆளா?"

பெட்டி எங்களுடையது, பழுது எங்களுடையது, அதைப் பழுது என்று சொன்னால் நான் அடுத்த வீட்டு ஆள். பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது, கணக்குப் பாடத்தில் விரல் தெரியாமல் எப்படிப் படிப்பாள் என்று கேட்டேன்.  அவர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "செய்தியில, கூட்டத்துலன்னு அந்த ஓரத்துல நின்னு கைய ஆட்டுறாகளே, அதையெல்லாம் யாரும்மா பாக்குறா?"

சத்தம் நல்லாருக்கா?

ராசு மறுபடி புகார் செய்தார். இந்த முறை என்னை அனுப்பவில்லை, பாண்டியை அனுப்பினார்கள். படம் சரியா, கலர் சரியா, சத்தம் நல்லாருக்கா என்று கேட்டுக் கேட்டு டிக் அடிக்க ஒரு பட்டியல் உண்டு. பாண்டி பழக்க தோஷத்தில் தங்கமணியைப் பார்த்து, "சத்தம் நல்லாருக்காங்க?" என்று கேட்டிருக்கிறான். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். சத்தத்துக்கு நேரே 'நன்று' என்று டிக் அடித்துவிட்டான். படத்துக்கு நேரேயும் அதுவேதான்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் வைத்து அவனைப் பிடித்துக்கொண்டேன். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "விரலெல்லாம் கொழகொழன்னு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடந்துச்சுக்கா. சார் போன்லயே நிக்கிறாரு. நார்மல்னு போடு, போடுங்கிறாரு. போட்டுட்டேன்." நான் கத்தியதில் டீ ஆற்றுபவர் கையை நிறுத்திவிட்டார். ஒரு பெண் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டு வந்து டீ குடிக்கிறாயா என்று கேட்டேன். இன்னும் மோசமாகவும் கேட்டேன், அதை எழுத முடியாது. இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கான்ட்ராக்டில் இருக்கிறவன் அவன். போடாவிட்டால் மறுநாளே வேறு ஆள் வருவான் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் கத்தினேன், சண்முகம் சாரிடம் கத்த முடியாததையெல்லாம் சேர்த்து. பாண்டி கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "என்னைய ஏங்க்கா வையிறீக? எனக்கும் கண்ணு தெரியுது, அதான் ரெண்டு நாளா சோறு எறங்கல."

கவுன்ட்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரவில்லை என்று லீவு சொல்லிவிட்டு, கோயிலில் பூசை முடிந்ததும் நேரே ஆத்தூர் போனேன். ஒரு வெள்ளைத் தாளில் என்ன பார்த்தேன், எப்படிச் சோதித்தேன், எது பழுது என்று எல்லாம் எழுதி, என் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டு, வீடியோவோடு தங்கமணியிடம் கொடுத்தேன். அவள் தாளை இரண்டு தரம் படித்தாள். கையெழுத்தைத் தொட்டுக் காட்டி, உங்களுக்கு ஒன்றும் ஆகாதா என்று கையாலேயே கேட்டாள். ஆகாது என்று தலையாட்டினேன். பொய்தான்.

மறுநாள் அண்ணனும் தங்கையும் சர்வீஸ் சென்டருக்கு வந்தார்கள். கூட்டமான நேரம். கவுன்ட்டரில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். சண்முகம் சார் வெளியே வந்து ராசுவைப் பார்த்து, "தம்பி, ஒங்க தங்கச்சிகிட்டக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க, ரெண்டு தடவ ஆள் வந்து பாத்தாச்சு" என்று ஆரம்பித்தார். தங்கமணி கவுன்ட்டரில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். அங்கே கிடந்த புகார் படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். 'அந்த மூலையில நிக்கிறவங்கதான் என் டீச்சர்.'

அவர் படித்தார். படித்துவிட்டு, சத்தம் போடாமல் திட்டுவதில் பெயர் பெற்ற அந்த மனிதர், குரலை உயர்த்தினார். காது கேட்காதவளிடம், ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்து, கூரை அதிரக் கத்தினார். "உங்க... டிவி... நல்லா... இருக்கு!" வாஷிங் மெஷினுக்கு வந்தவர், ஃபிரிட்ஜுக்கு வந்தவர், எல்லோரும் திரும்பினார்கள். நான் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். வெளியே போகவில்லை, அதற்காக இன்றைக்கும் என்னை மன்னிக்கவில்லை. தங்கமணி அசையவில்லை. அவர் உதடு நிற்கும் வரை பார்த்திருந்துவிட்டு, அதே தாளில் கீழே எழுதி நீட்டினாள். முன்னால் நின்ற ஒருவர் அதை எட்டிப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிட்டார்: "கத்தாதீங்க சார், எனக்குக் கேக்காது. கேக்குறவங்க எல்லாரும் உங்களத்தான் பாக்குறாங்க."

பேனல் வந்தது

அன்றும் மாற்றித் தரவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் என் தாளை இணைத்து மனுப் போட்டார்கள். கம்பெனிக்கு நோட்டீஸ் போனது. அதற்குப் பிறகு மேலிடத்திலிருந்து ஒருவர் காரில் வந்தார். ஆத்தூர் போய் இரண்டு நிமிடம் மூலையைப் பார்த்தார், பழுது என்று கையெழுத்துப் போட்டார், இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நிமிடம்! அந்த இரண்டு நிமிட வேலைக்கு எட்டு வாரம் இழுத்தடித்திருந்தார்கள். தங்கமணியின் பரீட்சை அதற்குள் முடிந்துவிட்டது. கடைசி ஏழு வாரமும் போனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வடிய வடியப் படித்திருக்கிறாள். பரீட்சை முடிந்து பன்னிரண்டாம் நாள் புதுப் பேனல் போய் இறங்கியது. பொருத்தப் போனவன் பாண்டி. யாரும் அனுப்பவில்லை, அவனே கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.

எனக்கு ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் வந்தது. கம்பெனிப் பொருளைப் பற்றி அனுமதியில்லாமல் வெளியாளுக்கு எழுதிக் கொடுத்தது ஏன் என்று. பெட்டியை வாங்கியவள் எப்படி வெளியாள் ஆவாள் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன்.  அடுத்த வாரம் என்னைப் படம் பார்க்கும் வேலையிலிருந்து எடுத்து, வாஷிங் மெஷின் செய்முறை விளக்கத்துக்குப் போட்டுவிட்டார்கள். பென் டிரைவை ஒப்படைக்கச் சொன்னார்கள், ஒப்படைத்தேன். சண்முகம் சார் அதைக் கையில் வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவரையேதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொடைரோட்டில் ஒரு வீட்டில், எந்தத் துணிக்கு எவ்வளவு சோப்புத் தூள் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது தங்கமணியிடமிருந்து செய்தி வந்தது. ஈரக் கையோடு திறந்து படித்தேன்: "பேனல் மாத்திட்டாங்க அக்கா, விரல் நல்லாத் தெரியுது. கணக்குல நெறைய விட்டுட்டேன், இந்தத் தடவ கெடைக்காது. அடுத்த பரீட்சைக்கு நாளைல இருந்து உக்காருறேன்."

கண்ணில் படும் கோளாறைப் பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்கு ஒன்பது வருடம் சம்பளம் கொடுத்தார்கள், ஒரே ஒரு தடவை உண்மையிலேயே சொல்லிவிட்டதால் இப்போது சோப்பு நுரை பொங்குவதைப் பார்த்துச் சொல்லக் கொடுக்கிறார்கள்.